இலகு கடமை

நோர்வூட்
09.06.2025

சிவதர்சினி மிஸ் அவர்களுக்கு,

நான்கு நாட்களாக உங்கள் அழைப்புகள் வருகின்றன. என் போன் பழுதாகவில்லை. எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆறு வருடம் ஒரே விடுதி அறையில், ஒரே சட்டியில் சோறு வைத்துச் சாப்பிட்டவரோடு போனில் கத்திச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. வாயால் பேசியதெல்லாம் போதும். இனி எதுவானாலும் எழுத்தில் வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பஸ் விபத்தில் கால் போய், பத்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து, செயற்கைக் காலோடு இந்த ஜனவரியில் நான் பாடசாலைக்குத் திரும்பியபோது நீங்கள்தான் பதில் அதிபர். "ரெண்டு கிழமைக்கு நூலகத்தில இரும், கால் பழகினாப் பிறகு வகுப்புக்குப் போகலாம்" என்றீர்கள். நம்பினேன். மார்ச்சில் உங்களுக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. நான் இன்னும் நூலகத்தில்தான் இருக்கிறேன். புத்தகங்களுக்கு உறை போடுகிறேன். ஒரே புத்தகத்துக்கு இரண்டாம் முறையும் போட்டாயிற்று.

பதினோராம் ஆண்டுக்கு வரலாறும் குடியுரிமைக் கல்வியும் இப்போது விளையாட்டுப் பொறுப்பாளர் தனுஷன்தான் எடுக்கிறார். நல்ல பையன்தான். புத்தகத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிக்கிறார், மணி அடித்ததும் மூடுகிறார். பிள்ளைகள் இடைவேளையில் என்னிடம் ஓடி வந்து கேட்கிறார்கள். அதற்கும் புது அதிபர் சிவசாமி சேர் தடை போட்டுவிட்டார்.

இந்த மாதம் இரண்டாம் திகதி எனக்கு ஒரு கடிதம் தந்தார். கற்பித்தல் கடமையிலிருந்து நான் நிரந்தரமாக விடுவிக்கப்படுகிறேன். சேவையில் தொடரத் தகுதி உண்டா என்று பார்க்க மருத்துவச் சபைக்கும் அனுப்பப்படுவேன். தகுதி இல்லை என்று எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதினைந்து வருடச் சேவை. ஏன் என்று கேட்டேன். என் பெயரிலுள்ள கோவையைத் திறந்து காட்டினார். உங்கள் கையெழுத்து. உங்கள் முத்திரை. "ஆசிரியரின் வேண்டுகோளுக்கிணங்க இவருக்கு இலகு கடமை வழங்கப்படுகிறது. மாடிப்படி ஏறும் நிலையில் இவர் இல்லை."

என் வேண்டுகோளா? நான் எப்போது கேட்டேன், மிஸ்?

ஹட்டனில் இலவசமாக வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி வினோதாவிடம் போனேன். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றாலும், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டு அந்தக் காலக்கெடுவைக் காப்பாற்றுவதென்றாலும் ஒரு மாதம்தான் அவகாசமாம். அதாவது ஜூலை இரண்டு. "நீங்களே கேட்டு வாங்கினதா எழுதியிருக்கே, இதுதான் மொதல்ல இடிக்குது" என்றார். எனக்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வேண்டும். நான் இலகு கடமை கேட்கவில்லை, என்னைக் கேட்காமலே நீங்கள் எழுதினீர்கள் என்று. கீழ்க் கட்டடத்தில் அரிசி மூட்டை போட்டு வைத்திருக்கும் அறையில் வகுப்பை நடத்தியிருக்கலாம் என்பதையும் எழுதுங்கள். அது உங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ஜீவராணி

*

யாழ்ப்பாணம்
20.06.2025

அன்பின் ஜீவா,

உமது கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. "மிஸ் அவர்களுக்கு" என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்தேன். பிறகுதான் எழுத்தைப் பார்த்தேன். மூன்று தரம் பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன், அதுதான் இவ்வளவு நாள்.

நான் எழுதியது உண்மைதான். மறைக்கவில்லை. ஆனால் ஏன் எழுதினேன் என்றும் நீர் கேட்க வேணும்.

நீர் திரும்பி வந்த முதல் நாள், மழை தூறிக்கொண்டிருந்தது. காலைக் கூட்டம் முடிந்து எல்லோரும் மேல் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். நான் மேலே விறாந்தையில் நின்றேன். நீர் படியில் ஏறி வந்தீர். பாதிப் படியில் ஊன்றுகோல் வழுக்கியது. அதற்குப் பிறகு நீர் சுற்றிப் பார்த்தீர், ஒருவரும் இல்லை என்று நினைத்து, இரண்டு கையையும் படியில் ஊன்றி, தவழ்ந்து ஏறினீர். மேலே வந்ததும் சேலையை உதறி, சேற்றைத் துடைத்து, சிரித்துக்கொண்டு வகுப்புக்குள் போனீர். நான் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். உமக்கு நான் பார்த்தது தெரியக் கூடாது என்று நினைத்தேன். அன்று மத்தியானமே அந்தக் குறிப்பை எழுதினேன். தினமும் அதைப் பார்க்க எனக்கு முடியாது ஜீவா.

"வேண்டுகோளுக்கிணங்க" என்பது எப்போதும் எழுதுகிற வசனம். அது இல்லாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் கோவையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், "யார் கேட்டது?" என்று. நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நீர் கொஞ்ச நாள் ஆறியிருப்பீர் என்று மட்டும்தான் நினைத்தேன். அந்தக் குறிப்பை வைத்து இப்படிச் செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது நீர் கேட்கிற கடிதத்தை எழுதினால், பதில் அதிபராக இருந்தபோது பொய்யாகக் குறிப்பெழுதினேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு ஆகஸ்டில் அதிபர் சேவைக்கு நேர்முகத் தேர்வு. பதினொரு வருடம் மலைநாட்டில் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்து, இப்போதுதான் ஒரு வாய்ப்பு. என் வீட்டுக்காரர் கஜதீபன் உமது கடிதத்தை வாசித்துவிட்டு, "உமக்கேன் இந்த வில்லங்கம்? நீர் நல்லதுக்குத்தானே செய்தனீர்" என்கிறார்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கக் கொஞ்ச நேரம் தாரும். மனம் சரியில்லை, நித்திரையும் இல்லை.

அன்புடன்,
தர்சினி

*

நோர்வூட்
26.06.2025

சிவதர்சினி,

மிஸ்ஸை விட்டுவிட்டேன். மரியாதை வைத்துக் கோபப்பட எனக்கு வரவில்லை.

அன்றைக்கு நீ தூணுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பேன். ஒரு கை கொடுத்திருந்தால் மிச்சப் படியும் ஏறியிருப்பேன். நீ கையைக் கொடுக்காமல் பேனாவை எடுத்திருக்கிறாய். இரக்கப்பட்டவள் என்னிடம் வந்து, "ஜீவா, உமக்கு என்ன வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கீழ் அறை வேணும் என்றிருப்பேன். விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

இலகு கடமை என்றால் உனக்கு ஆறுதலாகத் தெரிகிறது. எனக்கு அது என்னவென்று தெரியும். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயா நல்ல மனுஷன். "பாவம், ராக்காயிக்கு லைட் வேல போடு" என்றார். மலைக்குப் போகாமல், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தைக் கூட்டும் வேலை. மூன்று மாதத்தில் கை சரியாகிவிட்டது. அம்மா போய்த் தன் பழைய கொழுந்து நிரையைக் கேட்டாள். "ஒனக்கு ஏன்டி மல? நீ லைட் வேலக்காரிதானே" என்றார்கள். தோட்டத்திலேயே வேகமாகக் கொழுந்தெடுத்த பொம்பளை பதினொரு வருடம் விளக்குமாறோடு நின்றாள். ஒருவரும் அவளை ஏசவில்லை, அடிக்கவில்லை. எல்லோரும் பாவம் பார்த்தார்கள். காலையில் மற்றவர்கள் கூடையோடு வரிசையில் நிற்கும்போது அவள் ஓரமாக நின்று, அவர்கள் போகட்டும் என்று காத்திருப்பாள், களத்தைக் கூட்ட. இப்போது நான் வகுப்புகள் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறேன், நூலகத்தைத் திறக்க.

நேற்று அம்மாவிடம் உன் குறிப்பைப் பற்றிச் சொன்னேன். "எழுதுனது யாரு, நம்ம தர்சினி டீச்சரா? அவுங்க நல்லவுங்களாச்சே" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "கண்டாக்கு ஐயாவும் நல்லவருதான்" என்றாள்.

பதினோராம் ஆண்டுக்கு அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையை நான்தான் மனப்பாடம் செய்ய வைப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும். சட்டத்தின் முன் எல்லோரும் சமம். தொண்ணூற்றாறாம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இயலாமையைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று. வினோதா எனக்குத் தமிழ்ப் பிரதி எடுத்துத் தந்தார். வாசித்தேன். நல்ல சட்டம். பிரச்சினை என்னவென்றால், எனக்கு யாரும் பாரபட்சம் காட்டவில்லை, நானே கேட்டு வாங்கினேன் என்று உன் முத்திரை சொல்கிறது.

இன்னும் ஆறு நாள். உன் கடிதம் இல்லாமலே முறைப்பாட்டைப் போட்டுப் பார்ப்போம் என்கிறார் வினோதா. "அவ எழுதுவா, நிப்பாட்டி வைங்க" என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். நேர்முகத் தேர்வு உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த விடுதியில் நீ வீட்டை நினைத்து அழுததையெல்லாம் பார்த்தவள் நான். இருந்தாலும் கேட்கிறேன்.

ஜீவா

*

யாழ்ப்பாணம்
01.07.2025

அன்பின் ஜீவா,

எழுதிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் உமது கடிதம் வந்தது. இவர் வீட்டில் இல்லை. இருந்து ஒரே மூச்சில் எழுதினேன், இரண்டு பக்கம். நீர் இலகு கடமை கேட்கவில்லை என்றும், உம்மைக் கேளாமல் நானாகவே "வேண்டுகோள்" என்று எழுதினேன் என்றும் இருக்கிறது. நீர் அந்தப் படிகளில் ஏறினால் காலில் காயம் வரும், ஏறச் சொல்வது சரியில்லை, கீழ்க் கட்டடத்து அறையை வகுப்பாக்கித் தந்தால் உமது கடமை முழுவதையும் செய்வீர் என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் மழுப்பவில்லை.

இன்று காலை கொடுத்துவிட்டேன். அரச ஊழியர் இன்னொரு இடத்துக்கு எழுதுவதென்றால் முறைப்படி போனால்தான் பெறுமதி, நாளைக்கு ஒருவரும் செல்லாது என்று சொல்லக் கூடாது. அதனால் என் அதிபர் ஊடாக, எங்கள் வலயப் பணிப்பாளர் ஊடாக, உங்கள் வலயப் பணிப்பாளருக்கு என்று மேலே போட்டிருக்கிறேன். அதிபர் வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மிஸ், நேர்முகத் தேர்வுக்கு முதல் இதென்ன வேலை?" என்றார். அனுப்புங்கோ சேர் என்றேன்.

இனி நீர் நிம்மதியாக இரும். எனக்கும் இன்று நித்திரை வரும்.

அன்புடன்,
தர்சினி

*

நோர்வூட்
16.07.2025

தர்சினி,

உன் கடிதம் ஏழாம் திகதி வந்தது. பதில் எழுத ஒன்பது நாள் எடுத்திருக்கிறேன். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறியது. இப்போது வெறும் அலுப்புத்தான்.

ஊடாக! எனக்கு வேண்டியிருந்தது ஒரு தாள். ஒரு முத்திரையை ஒட்டி என் விலாசத்துக்குப் போட்டிருந்தாலும், ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தாலும் போதும். இரண்டாம் திகதி பின்னேரம் வரைக்கும் நான் வினோதாவின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு அவர் வெளியே வந்து, "ஒங்க பிரண்டு என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டார். "அனுப்பிட்டாங்களாம்" என்று ஊகத்தில் சொன்னேன். அது பொய்யுமில்லை பார். அனுப்பித்தான் இருந்திருக்கிறாய்.

நான் உன்னை மட்டும் குறை சொல்லக் கூடாது. நானும் இந்தச் சேவையில் பதினைந்து வருடம் இருந்தவள். லீவுக் கடிதம் முதல் கலியாணத்துக்குக் கடன் கேட்பது வரை எல்லாவற்றுக்கும் மேலே "ஊடாக" என்று எழுதித்தான் நமக்குக் கை பழகியிருக்கிறது. யாரைப் பற்றி முறையிடுகிறோமோ அவர் கையாலேயே அதைக் கொடுத்துவிட்டு, மரியாதையாகத் திரும்பி வருவோம். உன்னிடம் கேட்கும்போது, நேரே எனக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை எனக்கு. காத்திருந்ததும் என் முட்டாள்தனம்தான்.

மாதம் போய்விட்டது. இனி அந்த ஊனமுற்றோர் சட்டத்தின்படி மேல் நீதிமன்றத்துக்குப் போகலாமாம். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். வினோதா நேர்மையானவர். தேநீர் வாங்கித் தந்தார்.

மருத்துவச் சபை ஜூலை முப்பதாம் திகதி, கண்டியில். அங்கே தகுதியில்லை என்று எழுதினால் வழக்கும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். அம்மாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. உன் இரண்டு பக்கமும் இப்போது எந்த மேசையில் கிடக்கிறதென்று முடிந்தால் விசாரி. வேண்டாமென்றால் விடு.

ஜீவா

*

நோர்வூட்
06.08.2025

தர்சினி,

நீ பதில் எழுதவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் படிக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கண்டி போய் வந்த கதையைக் கேள்.

காலை பஸ்ஸில் அம்மாவும் நானும் போனோம். பல்லு டொக்டருக்கு என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். மருத்துவச் சபை கூடும் அறை மூன்றாம் மாடியில். லிஃப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, மூன்று மொழியிலும், பழுது என்று. கீழே கதிரையில் கை, கால் இல்லாதவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். கண் தெரியாத ஒரு ஐயா, "இதுவும் பரீட்சைல ஒரு பங்கா இருக்குமோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேலே வர முடியாது என்று சொல்லியனுப்பலாம் என்று நினைத்தேன். அப்புறம் அதையே எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம் வந்தது. ஏறினேன் தர்சி. மூன்று மாடி. ஒரு படிக்கு ஒரு மூச்சு. அம்மா பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள், எதற்கு இந்தப் பாடென்று கேட்கவேயில்லை. இரண்டாம் மாடியில், "இது பல்லு டாக்டரு இல்லைன்னு எனக்குத் தெரியும் புள்ள, நீ ஏறு" என்றாள்.

உள்ளே மூன்று வைத்தியர்கள். நடுவில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார், படியிலா வந்தாய் என்று. ஆமாம் சேர் என்றேன். "தனியாகவா?" ஆமாம் என்றேன். அம்மாவை வெளியே நிறுத்தியிருந்தேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். காலைக் கழற்றிக் காட்டச் சொல்லவில்லை. நாலு நிமிஷம்தான். முந்தாநாள் அறிக்கை வந்தது. "எல்லாக் கடமைகளுக்கும் தகுதியானவர். விசேட ஏற்பாடுகள் அவசியமில்லை."

அதிபருக்கு வேறு வழியில்லை, வகுப்பைத் திருப்பித் தந்துவிட்டார். மேல் கட்டடத்தில். கீழ் அறையைக் கேட்டேன். "டீச்சர், மெடிக்கல் போர்டே ஏற்பாடு ஒன்னும் வேணாங்குது. நான் எப்படிக் குடுக்குறது?" என்றார். நாற்பத்திரண்டு படி. நேற்றும் ஏறினேன், இன்றும் ஏறினேன். சாயங்காலம் காலைக் கழற்றினால், வெட்டின காலுக்கு மாட்டும் உறையெல்லாம் ரத்தம். அம்மா வெந்நீர் வைத்துத் துடைத்துவிடுகிறாள்.

நீ வாழ்த்துச் சொல்லாதே. நான் பொய் சொல்லித்தான் என் வகுப்பை வாங்கியிருக்கிறேன். ஏற முடியாது என்றால் வேலை இல்லை, ஏற முடியும் என்றால் உரிமை இல்லை. நடுவில் நிற்க இடம் வைக்கவில்லை அவர்கள். ஆனாலும் வகுப்பில் நிற்கும் அந்த நாற்பது நிமிஷம் எனக்கு வலி தெரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜீவா

*

யாழ்ப்பாணம்
25.08.2025

அன்பின் ஜீவா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை.

ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் போடாதது படிப்பால் இல்லை. வெட்கத்தால். ஊடாக என்று எழுதியபோது எனக்கு ஒரு பெருமை இருந்தது. சரியாகச் செய்கிறேன், பயப்படாமல் செய்கிறேன் என்று. உண்மையைச் சொன்னால், உமக்கு நேரே அனுப்பப் பயமாகவும் இருந்தது. மேலிடத்தின் கையெழுத்தும் இருந்தால் நான் தனியாக மாட்டுப்பட மாட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அதை இன்றுதான் எனக்கே ஒப்புக்கொள்கிறேன்.

அது ஜூலை முழுதும் எங்கள் வலயத்தில் ஒரு தட்டில் கிடந்ததாம். பொறுப்பான கிளார்க் பிரசவ லீவாம். நான் இரண்டு தரம் போய் நின்றேன். "வந்தா அனுப்புவம் மிஸ்" என்றார்கள்.

உமது ஆகஸ்ட் கடிதம் கிடைத்த அன்றே மறுபடி ஓடினேன், இந்த முறை அதைத் திருப்பி எடுக்க. நான் எழுதியது ஞாபகம் இருக்கும்தானே? நீர் படி ஏறக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். மருத்துவச் சபை ஏறலாம் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீர் சபைக்குப் பொய் சொன்னீர் என்றுதான் வரும், மறுபடி அனுப்புவார்கள், இந்த முறை காலைக் கழற்றச் சொல்லுவார்கள். புதிதாக வந்த கிளார்க் பிள்ளை மிகவும் சுறுசுறுப்பு. "நேற்றே அனுப்பிட்டன் மிஸ், பதிவுத் தபாலில" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அங்கேயே வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன்.

உமக்குத் தேவைப்பட்டபோது போகவில்லை. தேவையில்லாதபோது பதிவுத் தபாலில் வருகிறது. நேர்முகத் தேர்வு முடிந்தது, என்ன ஆனதென்று தெரியாது. அந்தக் கதிரையில் இருந்தபோது, "பாடசாலையில் சமத்துவத்தை எப்படி உறுதிப்படுத்துவீர்?" என்று கேட்டார்கள். நன்றாகப் பதில் சொன்னேன் ஜீவா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீர் என்ன செய்யச் சொல்கிறீரோ அதைச் செய்கிறேன். அந்தக் கடிதம் பிழை என்று இன்னொன்று எழுதட்டுமா?

தர்சி

*

நோர்வூட்
18.09.2025

தர்சி,

வேண்டாம். இன்னொன்று எழுதாதே.

உன் கடிதம் வலயத்திலிருந்து இறங்கி இம்மாதம் மூன்றாம் திகதி எங்கள் அதிபரின் மேசைக்கு வந்தது. என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள், ஒரு பக்கம் மருத்துவச் சபை, ஒரு பக்கம் நீ. சிவசாமி சேர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை எந்தத் தாளும் தன் பெயரில் திரும்பி வரக் கூடாது.

"டீச்சர், போர்டு சொல்லுது நீங்க எல்லாத்துக்கும் ஃபிட்டுன்னு. தர்சினி மிஸ் சொல்றாங்க படியே ஏறக் கூடாதுன்னு. இதுல எது உண்மை?"

பஸ்ஸில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் பண்ணியிருந்தேன். நீ குழம்பிப்போய் எழுதிவிட்டாய், நமக்குள் சண்டை என்று சொல்வதாக இருந்தேன். உன்னை விட்டுக்கொடுத்து நான் தப்பித்துக்கொள்வதாக இருந்தேன், தர்சி. ஆனால் வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"ரெண்டும் உண்மைதான் சேர்."

"அது எப்படிங்க ரெண்டும் உண்மையா இருக்கும்?"

"ஏறுனேன், அது உண்மை. ஏறுனா ரத்தம் வருது, அதுவும் உண்மை. நீங்க பாத்தீங்களா? போர்டும் பாக்கல." அவர் மேசைக்குப் பக்கத்திலேயே கதிரையில் உட்கார்ந்து காலைக் கழற்றினேன். பதினைந்து வருடச் சேவையில் எந்த ஆணின் முன்னாலும் நான் சேலையை முழங்கால் வரை தூக்கியதில்லை. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூடுங்க டீச்சர், மூடுங்க" என்றார். "பாடம் நடத்த எனக்குக் காலு வேணாம் சேர், ரூம்தான் வேணும்" என்றேன்.

 பிறகு, கீழ் அறையைத் தர முடியாது என்றார். தந்தால் போர்டு சொன்னதை மீறினதாகுமாம். மறுபடி போர்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். முடியாதென்பதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். "எழுதுனா நீங்க கோட்டுக்குப் போவீங்க" என்றார். பாவம், அதிலாவது நேர்மை.

எட்டாம் திகதி திங்கட்கிழமை நான் மேலே ஏறவில்லை. கீழ் அறைக்குப் போனேன். மதியச் சாப்பாடு சமைக்க வரும் அம்மாக்கண்ணு அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். "மூட்டையெல்லாம் நாங்க ஒதுக்கிக்கிறோம் டீச்சர், ஈரம் மட்டும் படாம பாத்துக்குங்க" என்றார். சுவர் ஓரமாக அரிசி, முன்னால் நான். மேலே காத்திருந்த பிள்ளைகளிடம் தனுஷன்தான், "மிஸ் கீழ இருக்காங்க, கதிரையத் தூக்கிட்டுப் போங்க" என்றாராம். முப்பத்தொரு பேரும் வந்தார்கள். படியில் கதிரைகள் இடிபடும் சத்தம் பெரிய கலவரம் போல இருந்தது. அறையில் எலி மணம். கரும்பலகை இல்லை, ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்து எழுதுகிறேன்.

வழக்கமான வகுப்பறைக்குப் போகாதவர் வரவு இடாப்பில் கையெழுத்திட முடியாது என்று அதிபர் சொல்லிவிட்டார். காலையில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் "வரவில்லை" என்று அவரே எழுதுகிறார். எழுத்தில் எதுவும் தர மாட்டேன் என்ற மனுஷன் தினமும் எழுதித் தருகிறார். தனுஷன் அதையும், கோவையிலிருந்த உன் கடிதத்தையும் படம் எடுத்துத் தந்தார். வினோதா பார்த்துவிட்டு, "இந்தச் செவப்பு மை புது மீறல், இதுக்குப் புதுசா ஒரு மாசம் இருக்கு" என்றார். உன் இரண்டு பக்கத்தின் பிரதியையும் சேர்த்து, பன்னிரண்டாம் திகதி ஆணைக்குழுவுக்குப் போட்டுவிட்டோம். என்ன ஆகும் என்று கேட்காதே. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை நாள் வராதவளை வேலையிலிருந்து நீக்கவும் அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. அதையும் வினோதா வாசித்துக் காட்டினார்.

உன் மேல் கோபம் குறைந்திருக்கிறது. தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் நீ எழுதின இரண்டு பக்கத்திலும் ஒரு சொல் மழுப்பவில்லை என்று சொன்னாயே, அது சரிதான். அதைப் பிழை என்று எழுதிவிடாதே.

இன்று சாயங்காலம் காலைக் கழற்றினேன். உறை காய்ந்திருந்தது. பதிவேட்டின்படி இன்றோடு ஒன்பது நாளாக நான் பாடசாலைக்கு வரவில்லை. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் உறுப்புரை இன்று மத்தியானம் முடித்துவிட்டேன், நாளைக்கு அடுத்த பாடம்.

ஜீவா